ஆறு பிரியும் ஊரிலிருந்து நீரியல் படிக்க

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. பி.இ. சிவில் இறுதியாண்டு படிக்கிறேன். மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வது இழுபறிதான். போர் தண்ணீரிலோ வருஷா வருஷம் உப்பு கூடுகிறது. இதைப் படிக்க வேண்டும் என்றுதான் மேற்படிப்புக்கு நீரியலை யோசிக்கிறேன். ஓரிடத்தில் ஹைட்ராலஜி என்கிறார்கள், இன்னோரிடத்தில் வாட்டர் ரிசோர்சஸ், வேறோரிடத்தில் இரிகேஷன். ரேங்க் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கலாமா? வெளிநாடு போகலாமா? "அரசு வேலைக்கு ஆகுமா என்று கேள்" என்கிறார் அப்பா.

ம.

அன்புள்ள ம.,

ரேங்க் என்பது கல்லூரி முழுமைக்கும் போட்ட மதிப்பெண். நீங்கள் படிக்கப்போவதோ ஒரே ஒரு துறையில், சில ஆசிரியர்களிடம். அந்தத் துறையில் எதை அளக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று பாருங்கள். டெல்டாவிலிருந்து போகிறவருக்கு இது கூடுதல் முக்கியம். காரணம் சொல்கிறேன்.

நீரியல் பாடப்புத்தகம் பெரும்பாலும் சேரும் ஆற்றைப் பற்றியது. மழை பெய்யும், சரிவில் ஓடும், ஓடைகள் கூடி ஆறாகும். ஒரு மழைக்கு ஆற்றில் ஓட்டம் எப்படி ஏறி இறங்கும் என்று சொல்லும் யூனிட் ஹைட்ரோகிராஃப் அந்த ஆற்றுக்கான கணக்கு. உங்களுடையது பிரியும் ஆறு. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிந்து, பிறகு ரெகுலேட்டருக்கு ரெகுலேட்டர் (தண்ணீரைப் பிரித்துவிடும் மதகு) பிரிந்துகொண்டே போகிறது. சரிவு மிகக் குறைவு. ஆகவே கீழே நடப்பது மேலே உள்ள தண்ணீரையும் பாதிக்கும்.

உங்கள் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். நேரான இடமாகப் பார்த்துப் பத்து மீட்டர் குறித்து, ஒரு மட்டையைத் தண்ணீரில் விடுங்கள். 25 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். அடியிலும் கரையோரத்திலும் தண்ணீர் மெதுவாகப் போவதால் 0.85 ஆல் பெருக்க, சராசரி 0.34. அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.6 மீட்டர் என்றால் ஓட்டம் வினாடிக்கு 0.816 கனமீட்டர், ஏறத்தாழ 29 கனஅடி. இப்போது கீழே உள்ள ஷட்டரை இறக்கட்டும். அளவுகோலில் மட்டம் ஏறும், ஓட்டம் குறையும். வெங்காயத்தாமரை அடைத்தாலும் இதேதான், முகத்துவாரத்துக்கு அருகில் கடல் ஏற்றமும் இதையே செய்யும். மட்டத்தைப் பார்த்து ஓட்டத்தைச் சொல்லும் வரைபடம் இங்கே பொய்யாகிவிடுகிறது. கோலில் தண்ணீர் இருக்கிறது என்று பதிவேடு சொல்லும். கடைமடையில் வயல் காயும். இந்தச் சிக்கலைக் கையாளும் பாடங்கள் மூன்று: திறந்த வாய்க்கால் ஓட்டவியல், நேரத்தோடு மாறும் ஓட்டம், வடிகால். இவை கட்டாயப் பாடமா, விருப்பப் பாடமா, விருப்பமென்றால் உண்மையில் நடத்துகிறார்களா என்று கேளுங்கள்.

உப்பு வேறு படிப்பு. கடலோர மணற்படுகையில் நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பழைய விதி. பம்புசெட் அந்த ஒரு மீட்டரில் அரை மீட்டரை இறக்கிவிட்டால், காலப்போக்கில் கீழே 20 மீட்டர் உப்பு ஏறும். ஆனால் போரில் வரும் உப்பு இன்றைய கடலுடையதா, பழைய கடல் படிவில் தங்கியதா என்பதை உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டர் மட்டும் சொல்லாது. குளோரைடு-புரோமைடு விகிதமும் ஐசோடோப்புகளும் வேண்டும். ஆகவே நிலத்தடி நீர் வேதியியல் ஆய்வகம் உள்ள துறையைத் தேடுங்கள்.

இந்த அறிவுக்கு எவ்வளவு எடை என்பதற்குக் காவிரித் தீர்ப்பே சாட்சி. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்கவேண்டிய அளவை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 10 டிஎம்சிக்குக் காரணம் டெல்டாவின் நிலத்தடி நீர். அதை எடுப்பதால் கடல்நீர் உள்ளே வருமா என்று கிணறு கிணறாக அளந்து சொல்ல நம் ஊர் ஆட்கள் வேண்டும்.

இனி இடங்கள். வாய்க்கால், முறைப்பாசனம், பங்கீடு என்றால் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம். கணிதமும் மாதிரியாக்கமும் கெட்டியாக வேண்டும் என்றால் சென்னை ஐஐடியின் சிவில் துறையில் உள்ள சுற்றுச்சூழல்-நீர்வளப் பிரிவு. நீரியலுக்கென்றே தனித்துறை வேண்டும் என்றால் ரூர்க்கி ஐஐடி. தேசிய நீரியல் நிறுவனமும் அதே ஊரில் இருப்பது பெரிய வசதி. இமயமலை அடிவாரம் ஆதலால் பனியும் மலை ஓடையும் அதிகம் பேசப்படும்; ஆய்வுக்குக் காவிரியை எடுத்துக்கொள்ள வழிகாட்டி சம்மதிப்பாரா என்று முன்பே கேளுங்கள். சுரத்கல் என்ஐடியில் நீர்வளமும் கடல் பொறியியலும் ஒரே துறை. கடற்கரைக்காரர்களுக்கு ஏற்றது. உங்கள் கடிதத்தின் பாரம் உப்பின் மேல் இருப்பதால் நான் ரூர்க்கியை முதலில் வைப்பேன், அடுத்து கிண்டி.

ஐஐடி, என்ஐடி இரண்டுக்கும் கேட் தேர்வு வாசல். சிவில் தாளை எழுதுங்கள். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். இந்த வழியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அண்ணா பல்கலைக்கழகத்துக்குத் தமிழகத்தின் சீட்டா நுழைவுத்தேர்வும் உண்டு.

அப்பாவின் கேள்வி நியாயமானது. தமிழக நீர்வளத்துறையின் உதவிப் பொறியாளர் பணியும், யுபிஎஸ்சி பொறியியல் தேர்வு வழியாக மத்திய நீர்வளப் பணியும் உங்கள் பி.இ. சிவிலை வைத்தே அமையும். எம்.டெக் பெயர் அதைக் கெடுக்காது. ஆனால் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் நீர்ப்புவியியல் விஞ்ஞானி பணிக்கு யுபிஎஸ்சியின் புவி விஞ்ஞானி தேர்வு எழுத வேண்டும். அது நிலவியலிலோ (ஜியாலஜி) நீர்ப்புவியியலிலோ (ஹைட்ரோஜியாலஜி) முதுகலை கேட்கும். நீரியல் எம்.டெக் முடித்துவிட்டு அந்தத் தேர்வுக்குப் போய் நிற்காதீர்கள். பிளஸ் டூவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்லுங்கள்: இளநிலையில் புதுப்பெயர்ப் பட்டம் எடுத்தால், அது சிவிலுக்குச் சமம் என்ற அரசாணை இருக்கிறதா என்று பார்த்த பிறகே சேர வேண்டும்.

வெளிநாடு என்றால் நெதர்லாந்தின் ஐஎச்இ டெல்ஃப்ட் நீர்க்கல்வி நிறுவனமும், தாய்லாந்தின் ஏஐடியும் (ஆசியத் தொழில்நுட்பக் கழகம்) டெல்டாக்காரர்களுக்குப் பொருந்தும். இரண்டுமே ஆறு பிரியும் தாழ்நிலங்களில் இருப்பவை. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகம் நீரியலுக்குப் பேர்போனது, ஆனால் வறண்ட நிலத்து நீரியல். முதலில் இங்கே இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு, உதவித்தொகையோடு போங்கள். கடன் வாங்கிப் போகும் படிப்பு அல்ல இது.

துறையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கடந்த மூன்றாண்டு எம்.டெக் ஆய்வுத் தலைப்புகளைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேர் களத்தில் அளந்தார்கள், எத்தனை பேர் இணையத்தில் இறக்கிய செயற்கைக்கோள் தரவோடு முடித்தார்கள் என்று எண்ணுங்கள். பிறகு இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம், நீரோட்ட வேகத்தை அளக்கும் கருவியைப் பற்றி, "கரண்ட் மீட்டரைக் கடைசியாக எப்போது ஆற்றில் இறக்கினீர்கள்?" என்று கேளுங்கள். தேதியோடு பதில் வந்தால் நல்ல துறை. "ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது" என்று வந்தால், ரேங்க் என்னவாக இருந்தாலும் அடுத்த பெயரைப் பாருங்கள்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு கடைசியில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். அதுவரை வாரம் ஒரு நாள் உங்கள் வீட்டுப் போரிலும் அக்கம்பக்கத்தில் நாலைந்து போரிலும் நீர்மட்டத்தையும் மின்கடத்துத்திறனையும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பம்பை நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே மட்டத்தை அளக்க வேண்டும்; இல்லையென்றால் பம்பு இழுத்த பள்ளத்தைத்தான் அளப்பீர்கள். தண்ணீர் மாதிரி எடுப்பது அதற்குப் பிறகு: பம்பைப் போட்டு, குழாயில் தேங்கியது வெளியேற ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். நேர்காணலில் அந்த நோட்டை மேசையில் வையுங்கள்.