பாதியில் நிற்கும் யார்டு

கேள்வி: நானும் என் கணவரும் பல வருடங்களாக மாடல் ரயில் வைத்திருந்தோம். ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), பழைய மாதிரி திருகும் கன்ட்ரோலர். தண்டவாளம், ஒயரிங், என்ஜின் எல்லாம் அவர் பொறுப்பு. மலை, மரம், வீடு, ஸ்டேஷன் எல்லாம் என் பொறுப்பு. ஒன்றரை வருடத்துக்கு முன் அவர் திடீரென்று தவறிவிட்டார். அன்றிலிருந்து லேஅவுட்டை, அதாவது பலகை மேல் கட்டிய மொத்த ரயில் அமைப்பையும், போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வீட்டு வேலையும் நடக்கிறது. கொஞ்ச நாளாக மறுபடி ஓட்டிப் பார்க்கலாமா என்று ஆசை வருகிறது. கூடவே குற்ற உணர்ச்சியும் வருகிறது. போர்வையைத் தூக்கியதும் அழுகை வந்து மூடிவிடுகிறேன். பலகைக்கு அடியில் இருக்கும் ஒயர்களைப் பார்த்தாலே பயம். எது எங்கே போகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பாதியில் விட்ட சரக்கு யார்டு ஒன்று இருக்கிறது, பென்சில் கோடு மட்டும் போட்டிருக்கிறார். அதை அவர் திட்டப்படியே முடிப்பதுதான் முறை என்று தோன்றுகிறது. ஆனால் யார்டில் பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளிப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங்கில் எனக்கு ஒருநாளும் ஈடுபாடு இருந்ததில்லை. ரயில் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பிடிக்கும். மகன் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொல்கிறான். என்ன செய்யட்டும்?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அம்மா அந்த அறைக்குப் போய்விட்டுக் கண் கலங்கி வெளியே வருவதைப் பார்த்துச் சொல்கிறார். ஆனால் விற்காததை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், விற்றதைத் திரும்ப வாங்க முடியாது. "இப்போதைக்கு வேண்டாம்பா" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குற்ற உணர்ச்சிக்கு வருவோம். துக்கம் தீர்ந்த பிறகுதான் ஆசைப்பட்ட வேலையைத் தொட வேண்டும் என்று நாமே ஒரு வரிசை வைத்துக்கொள்கிறோம். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள், கடைசியில் ஏற்றுக்கொள்ளுதல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியபோது அவர் பேசிப் பார்த்தது மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு. துணையை இழந்தவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி முடிக்க வேண்டும் என்பதற்காக அது எழுதப்பட்டதல்ல. எனக்கு 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கட் என்ற இரண்டு உளவியலாளர்கள் சொன்னதுதான் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. இழப்பை நினைத்து உடைவது ஒரு பக்கம், மாறிப்போன அன்றாடத்தைச் சமாளிப்பது இன்னொரு பக்கம். மனிதர்கள் இரண்டுக்கும் நடுவில் போய்ப்போய் வருகிறார்கள், அப்படிப் போய் வருவதே இயல்பு என்றார்கள் அவர்கள். நீங்கள் போர்வையைத் தூக்குவதும் மூடுவதும் அதுதான். அழுகை வந்து மூடிவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் குறை ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு காலம் கழித்தும் படுக்கையை விட்டு எழ முடியவில்லை, எந்த வேலையும் ஓடவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் ரயில் பேச்சே எடுக்காமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் கடிதம் அப்படி இல்லை. நாளைக்கு அப்படி ஆனால் தயங்காமல் போங்கள்.

சரி, ரயிலுக்கு வருவோம்.

லேஅவுட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். போர்வை அங்கேயே இருக்கட்டும். இன்னொரு அறையில் மேசை மேல் ஒரு முழம் தண்டவாளத்தை வைத்து, ஒரே ஒரு என்ஜினை மட்டும் எடுத்து வாருங்கள். அவருக்கு உயிரான என்ஜின் வேண்டாம், யாருக்கும் பெரிய பாசம் இல்லாத ஒன்றாக இருக்கட்டும். மின்சாரம் கொடுக்கும் முன் ஒரு மெத்தென்ற துணியில் தலைகீழாகப் படுக்க வையுங்கள். சக்கரத்தின் விளிம்பைப் பாருங்கள், தார் பூசியதுபோல ஒரு கறுப்புப் படலம் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக் குச்சியால் ஒவ்வொரு சக்கரமாகத் துடையுங்கள். பஞ்சு முதலில் கறுப்பாக வரும், அப்புறம் சாம்பல் நிறமாக, கடைசியில் வெள்ளையாகவே வரும். சில என்ஜின்களில் சக்கரத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். இழுவைக்காகப் போட்டது. ஒன்றரை வருடம் அசையாமல் கிடந்ததில் அது விறைத்து வெடித்திருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை, மாற்று வளையம் கிடைக்கும்.

அடுத்தது கிரீஸ். பல்சக்கரங்களில் போட்ட பழைய கிரீஸ் காய்ந்தால் தேன் நிறத்தில் பிசின் மாதிரி இறுகிவிடும். அப்போது மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முனகும், சக்கரம் நகராது. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்வார்கள்: "கொஞ்சம் தூக்கி விட்டால் கிளம்பிவிடும்" என்று கன்ட்ரோலரை முழுதும் திருகுவார்கள். மோட்டார் சூடாகி சுருள் கருகிவிடும். முனகினால் உடனே நிறுத்துங்கள். பல்சக்கரங்களைச் சுத்தம் செய்து, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயாகப் பார்த்து, ஊசி முனையில் தொட்டு அச்சுக்கு ஒரு சொட்டு வையுங்கள். ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டுதான். கூடுதலாக விட்டால் அது தெறித்துத் தண்டவாளத்துக்குப் போகும், அங்கே தூசியைச் சேர்க்கும், மறுபடி கறுப்புப் படலம். ஓடத் தொடங்கியதும் முன்னும் பின்னுமாகக் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட விடுங்கள்.

ஓடும்போது ஒரு வாசனை வரும். சூடான எண்ணெயும் மோட்டார் தீப்பொறியும் கலந்த, மூக்கில் லேசாகக் காரம் ஏறுகிற நெடி. உங்களுக்கு அது பழகிய வாசனைதான். பார்ப்பதைவிட வாசனைதான் ஆளை ஆட்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள், உட்கார ஒரு நாற்காலியும் பக்கத்தில் இருக்கட்டும்.

மேசை ரயில் பழகிய பிறகு போர்வையை எடுக்கலாம். எதையும் நகர்த்தும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பலகைக்கு மேலே, அடியே, அவர் ஒட்டிய சீட்டுகள், பென்சில் கோடுகள் எல்லாவற்றையும். படம் கையில் இருந்தால் பிறகு எதை மாற்றினாலும் அவர் விட்டுப்போன நிலை உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம் இருக்கும். தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய நூல் உதிராத துணியும் அதே ஆல்கஹாலும் போதும். உப்புத்தாளைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். தேய்த்ததும் பளபளக்கும், ஆனால் தேய்த்த கீறல்களிலேயே அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒயரிங்கைப் பார்த்து நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தக் காட்டுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கும், இருபது ஒயரையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் காடாகத் தெரிகிறது. பெரும்பாலான லேஅவுட்டுகளில் இரண்டு தடித்த ஒயர்கள் பலகையின் நீளத்துக்கும் ஓடும். அவைதான் பிரதானம். அவற்றிலிருந்து மெல்லிய ஒயர்கள் கிளம்பி ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மேலேறும். மிச்சமெல்லாம் பாயிண்ட் (ரயில் தடம் மாறும் இடம்) ஒவ்வொன்றையும் நகர்த்தும் மோட்டார், விளக்கு, சுவிட்ச். முதலில் அந்த இரண்டு தடித்த ஒயர்களை மட்டும் கண்டுபிடியுங்கள், அன்றைக்கு அது போதும்.

பிறகு ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், தொடர்பு இருந்தால் 'பீப்' என்று கத்தும் வகை. மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு, ஒரு முனையைத் தண்டவாளத்திலும் மறுமுனையைச் சந்தேகப்படும் ஒயரிலும் வைத்துப் பாருங்கள். இதற்கு முன் லேஅவுட்டில் இருக்கும் என்ஜின்களையும் விளக்கு எரியும் பெட்டிகளையும் கட்டாயம் இறக்கிவிடுங்கள். என்ஜினுக்குள் இருக்கும் மோட்டார் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுவதால் எங்கே வைத்தாலும் தொடர்பு இருப்பதுபோலக் காட்டும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கண்டுபிடித்த ஒவ்வொரு ஒயருக்கும் உங்கள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அவருடைய சீட்டைக் கிழிக்க வேண்டாம், பக்கத்திலேயே ஒட்டுங்கள்.

இன்னொன்று, தண்டவாளத்தில் ஆங்காங்கே மெல்லிய வெட்டு இருப்பதைப் பார்ப்பீர்கள். உடைந்துவிட்டது என்று நினைத்து ஒட்டிவிடாதீர்கள்! ஒரு பகுதியை மட்டும் மின்சாரம் இல்லாமல் நிறுத்தி வைக்க அவர் வேண்டுமென்றே வெட்டியிருப்பார். பாயிண்டுகளுக்குப் பக்கத்தில் இந்த வெட்டு அதிகம் இருக்கும். ஒரு என்ஜின் ஓரிடத்தில் வந்ததும் செத்துப்போய் நின்றால் பழுது என்று முடிவு கட்டும் முன் எந்த சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று பாருங்கள்.

தண்டவாளத்துக்குப் போகும் 12 வோல்ட் பக்கம் ஷாக் அடிக்காது. சுவரில் செருகும் பக்கம் அப்படி இல்லை. கன்ட்ரோலரின் கம்பி எங்காவது வெடித்திருந்தால், பிளக் தளர்ந்திருந்தால், செருகவே வேண்டாம். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், இல்லையென்றால் புதிதாக வாங்குங்கள். இதில் மட்டும் பாசம் பார்க்கக் கூடாது.

இப்போது யார்டு. உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்வி இதுதான், மற்றவை துணைக்கு வந்தவை என்று நினைக்கிறேன். அவர் திட்டப்படி முடிக்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானமான கருத்து. ஷண்டிங் பிடிக்காதவர் யார்டு கட்டினால் கட்டி முடித்த நாளோடு அது தூசி படியும். ஒரு கடமை முடிந்தது என்ற நிம்மதி இருக்கும், அந்த மூலைக்கு மறுபடி போக மனம் வராது. மாடல் ரயில் வரலாற்றில் ஒருவர் விட்டுப்போனபடியே காப்பாற்றப்பட்ட லேஅவுட் உண்டு. இங்கிலாந்தில் ஜான் ஏஹர்ன் கட்டிய 'மேடர் வேலி' இன்றும் பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் 1961-ல் காலமானவர். ஆனால் அதைச் செய்வது அருங்காட்சியகம். அந்த வேலையை நீங்கள் வீட்டில் தனி ஆளாகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு ரயில் சுற்றி வர வேண்டும் என்றால் அந்த இடத்தில் ஒரு ஏரி வரட்டும், ஒரு தோப்பு வரட்டும், அது உங்கள் கை நன்றாக ஓடும் வேலை. பின்னால் மனம் மாறினால்? மாறட்டுமே. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை வெள்ளைப் பசை விட்டுத்தானே ஒட்டியிருப்பீர்கள்? வெந்நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, ஜல்லி மேல் ஊற வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் பசை இளகும். தட்டையான கத்தியை அடியில் விட்டு மெதுவாகத் தூக்கினால் தண்டவாளம் முழுசாக வந்துவிடும். அதனால் இந்த மாதம் எடுக்கும் முடிவு வாழ்நாள் முடிவு இல்லை. பென்சில் கோட்டை அழிக்க மனம் வராவிட்டால் அதன் மேல் மெல்லிய தாளை விரித்து அப்படியே வரைந்து எடுத்து அவருடைய நோட்டில் வைத்துவிட்டு, மேலே தோப்பைப் போடுங்கள்.

அவருடைய ஷண்டிங்கை முழுக்கத் துறக்கவும் மனம் கேட்கவில்லையா? அமெரிக்காவில் ஜான் ஆலன் என்றொரு பெரிய கை இருந்தார். அவர் 1973-ல் இறந்த சில நாட்களிலேயே அவர் வாழ்நாளெல்லாம் கட்டிய லேஅவுட் தீக்கிரையாகிவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய வருடம் அவர் வெளியிட்ட 'டைம்சேவர்' என்ற ஷண்டிங் புதிர் இன்றும் உலகமெல்லாம் விளையாடப்படுகிறது. 5 பாயிண்ட், ஒரு சின்னப் பலகை, நாலைந்து பெட்டிகள், அவ்வளவுதான். பெட்டிகளைச் சரியான இடத்தில் கொண்டு சேர்ப்பதுதான் ஆட்டம். உங்கள் கணவர் வாங்கி வைத்த பாயிண்டுகள் அலமாரியில் கிடந்தால் இதற்குப் போதும். பெரிய லேஅவுட்டோடு இணைக்க வேண்டிய அவசியமில்லை. மகன் வீட்டுக்கு வரும்போது ஆடச் சொல்லிப் பாருங்கள். விற்கச் சொன்னவர் நடுராத்திரி வரை உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உங்கள் கணவர் சாயலில் ஒரு ஆளை வண்ணம் தீட்டி நிறுத்தலாமா என்று உங்களுக்கு இனிமேல் தோன்றும், பலருக்கும் தோன்றும். ஹெச்ஓவில் ஒரு ஆள் 2 சென்டிமீட்டர் உயரம்தான் என்றாலும் அந்த இரண்டு சென்டிமீட்டர் மொத்த லேஅவுட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். செய்யக் கூடாது என்று சொல்ல மாட்டேன். செய்தால் பசை போட்டு ஒட்டாமல், கொஞ்சம் மெழுகு வைத்து நிறுத்துங்கள். ஒரு நாள் எடுத்து வைக்கலாம், ஒரு நாள் இடம் மாற்றலாம்.

கடைசியாக, அவருடைய ரயில் நண்பர்கள். யாரைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. அதனால் யாரும் வருவதில்லை என்று ஊகிக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கியிருப்பார்கள், இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஆட்கள்தான். நீங்களே கூப்பிடுங்கள். "ஒரு நாள் வாருங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு வர மாட்டார்கள். "மூன்றாவது பாயிண்டுக்குப் போகிற ஒயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வருகிறீர்களா?" என்று கேளுங்கள், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்கள். வந்தவர்கள் ஆர்வத்தில் "நீங்கள் தள்ளுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பலகைக்கு அடியில் புகுந்துவிடுவதும் நடக்கும். அதை மட்டும் விடாதீர்கள். டார்ச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு சால்டரிங் இரும்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில இணைப்புகள் உருண்டையாக, அசிங்கமாகத்தான் வரும். அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?