வாசலை விட மேசைப் பக்கம் கேளுங்கள், தங்கச்சி

கண்டியில் நடக்கும் சித்திரக்கதை விழாவுக்கு ஹட்டனிலிருந்து தொண்டராகப் போகிறேன், வாசலில் போட்டிருக்கிறார்கள், சிங்களம் சரளமாக வராது, மாற்றிக் கேட்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் இப்போதே. அன்று காலையில் கேட்டால் அவர்களுக்கும் சிரமம்.

மேசையில் மாற்றாள் வேலை தரச் சொல்லுங்கள். இந்த மாதிரிச் சின்ன விழாக்களில் பெரும்பாலும் வரைந்தவரே அச்சடித்து, அவரே மேசை போட்டு விற்பார். தனி ஆள் என்றால் சாப்பிடக்கூட எழும்ப முடியாமல் தவித்துப்போவார். அந்தக் கால்மணி நேரம் நீங்கள் உட்கார்ந்தால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது. எது என்ன விலை, சில்லறை எங்கே, பக்கங்களைப் படம் எடுக்க விடலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 5000 ரூபா நோட்டை நீட்டுகிறவர்கள் வரத்தான் செய்வார்கள். விற்றதை உடனே ஒரு துண்டில் குறித்துவையுங்கள்.

அப்புறம், மழை. புத்தகப் பெட்டியை வெறும் நிலத்தில் வைக்க விடாதீர்கள். ஈரம் ஏறினால் அடியில் இருப்பதெல்லாம் நெளிந்துவிடும். பாவம், கைக்காசு போட்டு அடித்தவை.

எண்களைச் சிங்களத்தில் சொல்ல வந்தால் மேசையில் சமாளிக்கலாம். தமிழில் கேட்டு வருகிறவர்களுக்கு நீங்கள் அங்கே இருப்பது எவ்வளவு ஆறுதல்!

விழா முடிந்தபின் மேசைகளை ஒதுக்கி முடிக்க நேரமாகும். ஹட்டன் பஸ்ஸுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.