சும்மா உருவாக்கிய பணத்துக்கு நான் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

கேள்வி: திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். 20 வருடம், 8 சதவீதம், ஃப்ளோட்டிங் வட்டி. வேறொரு வங்கியில் 6.5 சதவீதத்தில் 12 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. புதிய வரி முறையில் 20 சதவீத அடுக்கில் வருகிறேன். கடன் கொடுக்கும்போது வங்கி கம்ப்யூட்டரில் தட்டிப் பணத்தை உருவாக்குகிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அப்பாவோ, "டெபாசிட் போட்டவங்க பணத்தைத்தான் எடுத்துக் கொடுக்கிறாங்க" என்கிறார். யார் சொல்வது சரி? சும்மா உருவாக்கிய பணத்துக்கு நான் ஏன் வட்டி கட்ட வேண்டும்? அரசுக்கும் தலைக்கு இத்தனை லட்சம் கடன் என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாமே காற்றுப் பணம் என்றால், எஃப்.டி.யை உடைத்துத் தங்கமாக வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: எஃப்.டி.யில் ஒரு பகுதியை உடைக்கலாம். ஆனால் தங்கம் வாங்குவதற்காக அல்ல, நீங்கள் பயப்படும் காரணத்துக்காகவும் அல்ல.

வீடியோவில் சொன்னது சரிதான். உங்கள் கடன் பட்டுவாடா ஆன அன்று எந்த டெபாசிட்தாரரின் பாஸ்புக்கிலும் 30 லட்சம் குறையவில்லை. வங்கி தன் கணக்கில் இரண்டு வரி எழுதியது, அவ்வளவுதான். ஒரு பக்கம், நீங்கள் வங்கிக்குத் தர வேண்டியது 30 லட்சம். மறுபக்கம், வங்கி தர வேண்டியது 30 லட்சம். வீட்டை விற்றவர் கைக்குப் போனது அந்த இரண்டாவது வரி. அதற்கு முந்தைய நாள் அந்தப் பணம் நாட்டில் எங்கேயும் இல்லை. இது ரகசியமும் இல்லை, சதியும் இல்லை. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2014-இல் தன் காலாண்டு இதழிலேயே இதை விளக்கி எழுதியது. பிரிட்டன் மக்களிடமும் நிறுவனங்களிடமும் உள்ள பணத்தில் 97 சதவீதம் வங்கி டெபாசிட், அதில் பெரும்பகுதி வங்கிகள் கடன் கொடுத்தபோது உருவானது என்று அதில் சொன்னார்கள். நம் ஊரில் நோட்டுப் புழக்கம் இதைவிட அதிகம். ஆனால் வேலை நடக்கும் விதம் ஒன்றுதான்.

அப்படியானால் அப்பா சொல்வது தப்பா? முழுக்கத் தப்பில்லை. வீட்டை விற்றவருக்கு வேறு வங்கியில் கணக்கு இருந்திருக்கும். பணம் அங்கே போனதும் உங்கள் வங்கி அந்த வங்கிக்கு 30 லட்சத்தைத் தீர்த்தாக வேண்டும். வங்கிகள் ஒவ்வொன்றும் ரிசர்வ் வங்கியில் கணக்கு வைத்திருக்கின்றன. அங்கேதான் இந்தத் தீர்வு நடக்கும். அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தை உங்கள் வங்கி தானாக எழுதிக்கொள்ள முடியாது, ரிசர்வ் வங்கியால் மட்டுமே முடியும். ஆகவே போகிற பணத்துக்கு ஈடாக வெளியிலிருந்து டெபாசிட் வர வேண்டும், இல்லையென்றால் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். மார்ச் மாதம் வந்தால் கிளை மேலாளர் ஏன் போன் மேல் போன் போட்டு டெபாசிட் கேட்கிறார் என்று இப்போது புரியும்.

பாடப்புத்தகத்தில் இதையே தலைகீழாகச் சொல்லிக் கொடுப்பார்கள். டெபாசிட் முதலில் வரும், அதில் கொஞ்சத்தை ஒதுக்கிவிட்டு மீதியைக் கடன் கொடுப்பார்கள் என்று. அந்த ஒதுக்கீடுதான் சி.ஆர்.ஆர். 2025-இல் ரிசர்வ் வங்கி அதை நான்கு தவணையாக 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு இறக்கியது. ஆனால் கடனுக்கு உண்மையான கடிவாளம் அது அல்ல. வாங்குகிறவர் திருப்பிக் கட்டுவாரா, கடன் மூழ்கினால் தாங்க வங்கிக்குச் சொந்த மூலதனம் இருக்கிறதா, இந்த இரண்டும்தான். நாளைக்கு நீங்கள் கட்டாமல் போனாலும், வீட்டை விற்றவருக்குப் போன 30 லட்சம் அப்படியே இருக்கும். வங்கியால் அதைத் திரும்பக் கேட்க முடியாது. வீட்டை ஏலம் விட்டும் ஈடாகாத நஷ்டம் வங்கியின் மூலதனத்திலிருந்துதான் போகும். பணத்தைத்தான் தட்டி உருவாக்கினார்கள், அதோடு வந்த பொறுப்பு நிஜமானது. உங்கள் வட்டி அந்த ரிஸ்க்குக்கும், டெபாசிட்காரர்களுக்குத் தரும் வட்டிக்கும், கிளை நடத்தும் செலவுக்கும் போகிறது. அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. உங்கள் இ.எம்.ஐ. சுமார் 25,093 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 20,000 வட்டி, 5,093 அசல். வட்டி வங்கியின் வருமானமாகி, சம்பளமாகவும் எஃப்.டி. வட்டியாகவும் டிவிடெண்டாகவும் திரும்ப ஊருக்குள் வந்துவிடும். அசல் யாருக்கும் போகாது. உங்கள் கணக்கிலும் 5,093 குறையும், கடனிலும் 5,093 குறையும். உருவான மாதிரியே அந்தப் பணம் அழிந்துபோகும். ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கடனை அடைக்கக் கிளம்பினால் பணப்புழக்கம் சுருங்குவது இதனால்தான்.

அடுத்தது அரசு. தலைக்கு இத்தனை லட்சம் கடன் என்று வரும் செய்தியில் பாதிக் கணக்குதான் இருக்கிறது. கடன் என்றால் வாங்கியவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும். இந்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டிலேயே வாங்கியது. கொடுத்தவர்கள் வங்கிகள், எல்.ஐ.சி. போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், பி.எஃப். நிதிகள். வங்கிகள் தங்கள் டெபாசிட்டில் 18 சதவீதத்துக்கு ஈடான தொகையைப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதாவது உங்கள் 12 லட்சம் எஃப்.டி.க்குப் பின்னாலும் பி.எஃப்.புக்குப் பின்னாலும் அதே அரசுக் கடன்தான் சொத்தாக நிற்கிறது. உங்கள் தலையில் கடன் என்று சொல்கிறவர்கள், உங்கள் பையில் இருக்கும் பத்திரத்தைச் சொல்வதில்லை.

இதற்காக அரசுக் கடன் பாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன், செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 காசு வட்டி. வரி கட்டுகிறவர் எல்லோரிடமும் அரசுப் பத்திரம் இருப்பதில்லை, எனவே அந்த 20 காசு எல்லோருக்கும் சமமாகத் திரும்பி வருவதில்லை.

சரி, நோட்டு அடித்தே கடனைத் தீர்த்துவிட்டால் என்ன? கிட்டத்தட்ட அதையே நாம் செய்து பார்த்தவர்கள்தான். அரசுக்குப் பற்றாக்குறை வந்தால் ரிசர்வ் வங்கி தானாகவே பணம் கொடுக்கும் "அட்ஹாக்" கருவூல உண்டியல் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) முறை பல பத்தாண்டுகள் இருந்தது. அது 1997-இல் நிறுத்தப்பட்டது. 2006 ஏப்ரலிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, அரசு வெளியிடும் பத்திரத்தை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கவும் கூடாது. சந்தையில் மற்றவர்களிடமிருந்து வாங்கலாம், வாங்கவும் செய்கிறது. அப்புறம் தன் உபரியையும் அரசுக்குக் கொடுக்கிறது. 2024-25 கணக்குக்குக் கொடுத்தது சுமார் 2.69 லட்சம் கோடி. முன்வாசலை மூடிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எவ்வளவு, எப்போது என்பதை அரசு அல்லாத ஒருவர் முடிவு செய்கிறார் என்பதே பெரிய வித்தியாசம் என்பது என் கருத்து.

அந்த வித்தியாசம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2019 கடைசியில் வரியைப் பெரிதாகக் குறைத்தார்கள், வருமானம் விழுந்தது, மத்திய வங்கி கருவூல உண்டியல்களை வாங்கி அந்த ஓட்டையை அடைத்தது. ரூபாயை எவ்வளவு வேண்டுமானாலும் உருவாக்கலாம், ஆனால் எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலர் வேண்டும். வெளிக்கடனில் பெரும்பகுதியும் டாலரில். டாலரை கொழும்பில் உருவாக்க முடியாது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசி உயர்வு கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தொட்டது. வங்கியில் போட்ட பணம் எண்ணிக்கையில் குறையவே இல்லை, அதைக் கொண்டு வாங்கக்கூடிய அரிசியும் பாலும்தான் குறைந்தன. 2023-இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசிடமிருந்து நேரடியாகப் பத்திரம் வாங்குவதற்குத் தடை போட்டது.

இப்போது உங்கள் 12 லட்சத்துக்கு வருவோம். தங்கம் யாருடைய கடனும் இல்லை, அது அதன் பலம். சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு வரை தங்கமாக இருந்தால் தப்பில்லை, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நகையையும் அந்தக் கணக்கில் சேருங்கள். மொத்தத்தையும் போடுவது வேறு விஷயம். செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று நகைக்கடை வாசலிலேயே நஷ்டம் ஆரம்பித்துவிடும். அடுத்த மாத இ.எம்.ஐ.யையும் தங்கத்தில் கட்ட முடியாது, ரூபாயில்தான் கட்ட வேண்டும். உங்கள் கடன் ரூபாயில் இருக்கும்வரை கையிருப்பும் ரூபாயில் இருப்பது பாதுகாப்பு.

எஃப்.டி.க்கு 6.5 சதவீதம் வட்டி வந்தாலும் வரியும் செஸ்ஸும் போக உங்கள் கையில் நிற்பது 5.15 சதவீதம். கடனுக்குக் கட்டுவது 8. தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் போட முடியாது. எஃப்.டி.யிலிருந்து 5 லட்சத்தை எடுத்து இப்போதே அசலில் கட்டி, இ.எம்.ஐ.யை மாற்றாமல் வைத்தால், 240 மாதக் கடன் சுமார் 164 மாதத்தில் முடிந்துவிடும். வட்டியில் மிச்சம் ஏறக்குறைய 14 லட்சம், வட்டி விகிதம் 8-லேயே இருந்தால்.

மீதி 7 லட்சத்தைத் தொட வேண்டாம். தனியார் வேலை என்கிறீர்கள், ஆறு மாத வீட்டுச் செலவும் இ.எம்.ஐ.யும் கையில் இருந்தாக வேண்டும். அதை இரண்டு வங்கிகளாகப் பிரித்துப் போடுங்கள். வங்கி நொடித்தால் டெபாசிட் காப்பீடு தருவது ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தபோது, டெபாசிட் என்பது வங்கி நமக்குத் தர வேண்டிய கடன்தான் என்று அந்த வாடிக்கையாளர்களுக்கு ஒரே நாளில் தெரிந்தது.

உங்கள் கடன் ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதத்தோடு, இணைந்ததா என்று அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். 2025-இல் ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. ரெப்போவோடு இணைந்த கடனில் மூன்று மாதத்துக்குள் வட்டி மாறியாக வேண்டும், வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டியைக் கணக்கிடும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையில் அது மெதுவாகத்தான் வரும். எஃப்.டி. ஓரிரு மாதத்தில் முதிர்வதாக இருந்தால் காத்திருங்கள், முன்கூட்டி உடைத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள். பணம் கட்டும்போது "இ.எம்.ஐ.யைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.