சேவல் கூவுது, பக்கத்து வீடு முறைக்குது: கேள்வி பதில்

நெருக்கமான வீடுகளுக்கு நடுவே சேவல் வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஒன்றாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, சேவல் விடிந்தால்தானே கூவும்? எங்க வீட்டுச் சேவல் கும்மிருட்டில், மூன்றரை மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. ஏதாவது நோயா?

நோயெல்லாம் இல்லை. சேவலின் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை நாள் முழுக்க ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பகலும் இரவும் தெரியாத அந்த நிலையிலும், ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கூவல் திரும்பத் திரும்ப வந்தது. பகல், இரவு மாறி மாறி வரும் அறையிலோ, வெளிச்சம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே கூவத் தொடங்கின. உங்கள் சேவல் சரியான நேரத்துக்குத்தான் வேலை பார்க்கிறது!

இதோடு வெளிக் காரணங்களும் சேர்ந்துகொள்ளும். கூட்டின் மேல் விழும் வண்டி வெளிச்சம், தூரத்தில் இன்னொரு சேவலின் குரல், கதவு திறக்கும் சத்தம் எல்லாமே தூண்டிவிடும். நம் கைக்கு எட்டுவது இந்த இரண்டாவது வகைதான்.

அப்போ இருட்டில் அடைத்து வைத்துப் பிரயோஜனம் இல்லையா? பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே கம்பளி போர்த்தினேன். சத்தம் அப்படியே வருகிறது.

இருட்டில் அடைப்பது உதவும், ஆனால் கம்பளி உதவாது. சத்தத்தைத் தடுக்க கனம் வேண்டும், இடுக்கு இல்லாமலும் இருக்க வேண்டும். பஞ்சாரத்தில் இரண்டுமே இல்லை. முட்டை அட்டையை ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். அது உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம். வெளியே போகும் சத்தத்தை நிறுத்தாது. ஸ்பாஞ்சும் கிட்டத்தட்ட அப்படித்தான், போதாததற்குக் கோழி அதைக் கொத்தித் தின்னும்.

இரவுக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்யுங்கள். கனமான பலகையை இரண்டு அடுக்காக வைத்து, நடுவில் கல்நார் இல்லாத ஏதாவது அடைப்புப் பொருளை நிரப்பலாம். கதவு விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். விரல் நுழையும் ஓர் இடுக்கு இருந்தால் போதும், பாதி உழைப்பு வீண். ஆனால் காற்று போக வேண்டுமே? அதற்கு நேரான ஓட்டை வைக்காமல், காற்று இரண்டு முறை திரும்பிப் போகிற மாதிரி வளைந்த பாதை அமையுங்கள். கீழே ஒன்று, எதிர்ப்பக்கம் மேலே ஒன்று. வெளிச்சமும் நேராக உள்ளே வராது, சத்தமும் நேராக வெளியே போகாது. அந்த வாய் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கவே கூடாது.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஐந்து அடியில் இருப்பதைப் பத்து அடிக்கு நகர்த்தினால் கிடைக்கும் பலன், ஐம்பதை ஐம்பத்தைந்து ஆக்கினால் கிடைக்காது. இரண்டு சுவர் சேரும் மூலையில் வைத்தால் சத்தம் பட்டுத் திரும்பி இன்னும் அதிகமாகக் கேட்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெக்கையான இரவில் காற்றோட்டம் குறைந்த பெட்டி அதன் உயிரையே எடுத்துவிடும். புழுக்கமாக இருந்தால் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், பெட்டியை மூடாதீர்கள். காலையில் திறக்கும்போது எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தால், காற்று போதவில்லை என்று அர்த்தம்.

ஊர் விழிக்கிற நேரத்துக்குத் திறந்துவிடுங்கள். நாள் முழுக்க இருட்டில் போடுவது கொடுமை.

தலை நிமிர முடியாத அளவு தாழ்வான கூரை வைத்தால் கூவாதாமே?

கூவும். கழுத்தை முழுக்க நீட்ட முடியாததால் சிலதுக்குக் குரல் கம்மும், அவ்வளவுதான். சாதாரணமாக நிற்கவும் திரும்பவும் இடமில்லாத கூட்டில் எந்தப் பறவையையும் வைக்காதீர்கள்.

இணையத்தில் கழுத்துப் பட்டை விற்கிறார்கள், கூவல் பாதியாகக் குறையும் என்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

என் அபிப்பிராயம்: வேண்டாம். கோழிக்குக் குரல் உறுப்பு தொண்டையில் இல்லை. மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இருக்கிறது. காற்றுப்பைகளில் இருந்து ஒரே மூச்சில் காற்றைத் தள்ளித்தான் சேவல் கூவுகிறது. பட்டை அந்தக் காற்று வேகமாக வெளியேறாமல் கழுத்தைப் பிடிக்கிறது. தளர்ந்தால் பலன் இல்லை, இறுகினால் மூச்சு முட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. அதுவும் சேவல் வளரும்போதும், இறகு உதிர்த்து முளைக்கும்போதும், இரை நிறைந்து பை புடைக்கும்போதும் மாறிக்கொண்டே இருக்கும். பட்டைக்குள் அலகோ நகமோ மாட்டிக்கொள்வதும் உண்டு. ஏற்கெனவே போட்டிருந்தால், ஆளில்லாத வீட்டில் அதோடு விட்டுப் போகாதீர்கள்.

குரலை நீக்கும் அறுவை சிகிச்சை பற்றி இருவர் கேட்டிருந்தீர்கள். உறுப்பு இருக்கும் இடத்தைத்தான் மேலே சொன்னேனே, அந்தப் பேச்சே வேண்டாம்.

காயடித்துவிட்டால்?

கூவல் குறையும், உண்மைதான். 1849இல் பெர்த்தோல்ட் என்ற ஜெர்மானியர் இதைச் சோதித்தே காட்டினார். விதை நீக்கிய சேவல்களுக்குக் கொண்டை சுருங்கிக் கூவலும் போனது. விதையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்தவை மறுபடி கூவின. ஆனால் ஆடு மாட்டுக்குச் செய்கிற மாதிரி இது வெளிவேலை இல்லை. சேவலுக்கு விதை வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் அருகில் இருக்கிறது. வளர்ந்த சேவலுக்குச் சத்தத்துக்காக மட்டும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

என்னிடம் இரண்டு சேவல் இருக்கிறது. ஒன்று ஆரம்பித்தால் மற்றதும் விடுவதில்லை.

ஒரே சேவலாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே நகோயா ஆட்கள் 2015இல் இன்னொன்றையும் வெளியிட்டார்கள்: கூட்டத்தில் அந்தஸ்தில் பெரிய சேவல்தான் விடியலில் முதலில் கூவும், மற்றவை அந்தஸ்துப்படி பின்னால் வரும். பெரியதை எடுத்துவிட்டால் அடுத்தது அந்த இடத்தைப் பிடிக்கும். அதனால் சாதுவாகத் தெரிகிறதே என்று சின்னதை வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.

இவ்வளவு கத்துகிறதே, அதன் காது செவிடாகாதா? (சும்மா தெரிந்துகொள்ளத்தான்.)

ஆகாது. கூவும்போது அதன் காதருகே சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். ஆனால் வாயை அகலத் திறந்ததும் காதுக்குழாய் தானாக அடைபடுகிறது. பெல்ஜியத்து ஆய்வாளர்கள் 2018இல் கண்டது இது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை என்பதுதான் சிக்கல்.

பக்கத்து வீட்டு அக்கா பேசுவதையே நிறுத்திவிட்டார். புகார் கொடுப்பேன் என்கிறார். கொடுத்தால் நான் ஜெயிப்பேனா?

அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். இன்றைக்கே போய்ப் பேசுங்கள், ஆனால் விளக்கம் சொல்லப் போகாதீர்கள். எந்த நேரம் தூக்கம் கெடுகிறது, எந்த அறையில் படுக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். முடிந்தால் அவர் படுக்கும் அறையில் நின்று ஒரு கூவலைக் கேட்டுப் பாருங்கள். நம் முற்றத்தில் கேட்பதும் அங்கே கேட்பதும் ஒன்றல்ல. பெரும்பாலும் சிக்கல் விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான். பகல் கூவலை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பெட்டி செய்யப் போகிறேன், இத்தனை மணிக்கு முன் திறக்க மாட்டேன் என்று தேதியோடு சொல்லுங்கள். முட்டை கொடுத்துச் சரிக்கட்டலாம் என்று நினைத்தால், தூக்கமே போனவருக்கு ஆம்லெட் ஒரு சமாதானமா?

உங்கள் பகுதி விதியையும் பார்த்துவிடுங்கள். பெட்டைக்கு அனுமதி, சேவலுக்குத் தடை என்று இருக்கிற நகரங்கள் உண்டு. 2019இல் பிரான்ஸில் மோரிஸ் என்ற சேவல் வழக்கில் ஜெயித்த கதையை நிறையப் பேர் எனக்கு அனுப்புகிறார்கள். 2021இல் அங்கே கிராமப்புறச் சத்தங்களைக் காக்கச் சட்டமே வந்தது. அது கிராமப்புறத்துக்கு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் அதைக் காட்டி வாதாடாதீர்கள்.

பெட்டை என்று வாங்கியது சேவலாக வளர்கிறது. கூவ இன்னும் எவ்வளவு நாள்?

பெரும்பாலும் நான்கு, ஐந்து மாதத்தில் குரல் வரும். அதற்கு முன்பே கொண்டை சிவந்து, முதுகின் பின்பக்க இறகுகள் கூராக நீண்டிருக்கும். முட்டைக்காக மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் சேவலே தேவையில்லை. பெட்டை சேவல் இல்லாமலும் முட்டையிடும், பொரிக்கத்தான் சேவல் வேண்டும். கொடுக்க நினைத்தால் இப்போதே கொடுங்கள்.

யாருக்குமே கொடுக்க மனசில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை. என்ன செய்ய?

விலகிய வீடும் பெட்டைகளும் உள்ள ஒருவரைத் தேடுங்கள். அவரிடம் ஏற்கெனவே வேறு சேவல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இரத்தம் வரச் சண்டை நடக்கும். புதிதாகப் போகும் பறவையை இரண்டு, மூன்று வாரம் தனியாக வைக்கச் சொல்லுங்கள், ஏதாவது நோய் இருந்தால் மற்றவற்றுக்குத் தொற்றாது. பழகிய தீவனத்தில் கொஞ்சம் கட்டிக் கொடுங்கள். இருட்டிய பிறகு கொண்டுபோனால் அடங்கி வரும்.