சாப்பிடாத விருந்துக்கு 671 வெள்ளி: திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மனைவியின் பிறந்தநாளுக்காக, சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் பத்தே இருக்கைகள் உள்ள ஓமகாசே (சமையற்காரரே உணவைத் தேர்ந்து பரிமாறும்) ஜப்பானிய சுஷி உணவகம் ஒன்றில் இரண்டு இடம் பதிவு செய்தேன். தலைக்கு 280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கிரெடிட் கார்டு எண் கொடுத்தால்தான் பதிவே ஆகும். அன்று மதியம் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். இரண்டு மணிக்கே போன் செய்து வர முடியாது என்றேன். “காத்திருப்போர் பட்டியலில் கேட்டுப் பார்க்கிறோம்” என்றார்கள். மறுநாள் கார்டில் 671.44 வெள்ளி பிடித்துவிட்டார்கள். 72 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யாவிட்டால் முழுத் தொகை என்று நிபந்தனை இருக்கிறதாம். வங்கியிடம் சொல்லிப் பணத்தை மீட்கலாமா?

பதில்: பிள்ளைக்கு இப்போது குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

வங்கி வழியாகப் போகாதீர்கள். கார்டு எண்ணைக் கொடுத்தது நீங்கள், நிபந்தனையை ஏற்றதும் நீங்கள். ‘நான் அனுமதிக்காத கட்டணம்’ என்று வங்கியின் படிவத்தில் எழுதினால் அது பொய். பிறகு வழக்கு என்று வந்தால் அந்தப் படிவமே உங்களுக்கு எதிராகப் பேசும். காய்ச்சலைக் காரணம் காட்டியும் ஒப்பந்தத்திலிருந்து விடுபட முடியாது. பேசிப் பார்க்கும்போது கைகொடுக்கும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இருக்கும் பிடி வேறு. ஒப்பந்தத்தை மீறியவரைத் தண்டிப்பதற்காகவே ஒரு தொகையை எழுதி வைத்தால் அது செல்லாது. இது 1915-ல் டன்லப் வழக்கில் இங்கிலாந்து வகுத்த விதி. அங்கேயே 2015-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள். ஆனால் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் டென்கா வழக்கில் பழைய விதியே இங்கே தொடரும் என்றது. ஒப்பந்தம் செய்த நாளில், வரக்கூடிய நட்டத்தை நேர்மையாகக் கணக்கிட்டு வைத்த தொகையா என்பதுதான் கேள்வி. நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

இங்கே உணவகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஓமகாசே என்றால் ‘உங்களிடமே விட்டுவிட்டேன்’ என்று பொருள். மெனு கிடையாது. தோக்கியோவின் தொயோசு சந்தையிலிருந்து விமானத்தில் மீன் தருவிக்கும் கடைகள் இங்கே பல. வருபவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மீன் வாங்குகிறார்கள், சில மீன்களை நாள்கணக்கில் பதப்படுத்துகிறார்கள், அன்றைய வினிகர் சோற்றையும் கலக்கிறார்கள். பத்து இருக்கையில் இரண்டு காலி என்றால் அந்த வேளையின் வரவில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஆகவே 560 வெள்ளியைத் தண்டத் தொகை என்று நிறுவுவது கடினம். உங்கள் இடத்தில் வேறு யாராவது அமர்ந்திருந்தாலும் அது மட்டுமே போதாது. விதி பார்ப்பது ஒப்பந்தம் செய்த நாளை. ஆனாலும் ஒரே இருக்கைக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்கியது தெரிந்தால் நடுவரின் மனத்தில் அது நிற்கும். அதை எழுத்தில் கேளுங்கள்.

மிச்சம் 111.44 வெள்ளி எப்படி வந்தது? 560-க்குப் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் 56. கூட்டினால் 616. அதன்மேல் ஒன்பது விழுக்காடு பொருள், சேவை வரி 55.44. உங்களுக்கு எதுவுமே பரிமாறாத ஓர் இரவுக்குச் சேவைக் கட்டணமா? அது அரசாங்க வரியல்ல, கடைக்காரர் விதிப்பது. நிபந்தனையில் ‘விருந்தின் விலை’ என்று மட்டும் இருந்தால் அந்த 56 வெள்ளியை வாங்க உரிமையே இல்லை என்பது என் கருத்து. வரி எதன் அடிப்படையில் போட்டார்கள் என்றும் விளக்கம் கேளுங்கள்.

முதலில் உணவகத்துக்கு ஒரு மின்னஞ்சல். கோபம் வேண்டாம். பிள்ளையின் மருத்துவச் சீட்டை இணைத்து, சேவைக் கட்டணத்தையும் வரியையும் திருப்பித் தரும்படியும், 560 வெள்ளியை வேறொரு நாள் விருந்துக்கு வரவு வைக்கும்படியும் கேளுங்கள். சின்னக் கடைக்கு நல்ல பெயர் பெரிது. பெரும்பாலும் பாதி வழியாவது இறங்கி வருவார்கள்.

மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அடுத்தது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். இணையத்திலேயே மனு, 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி, கெடு இரண்டு ஆண்டு. அங்கே வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, எனவே எனக்குக் கட்டணம் தர வேண்டிய அவசியமும் இல்லை. நிபந்தனை அளவுமீறி ஒருதலைப்பட்சமானது என்று பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தையும் அதே மனுவில் குறிப்பிடலாம்.

பதிவு செய்த பக்கத்தின் நிபந்தனைகளை அவர்கள் மாற்றும் முன் படமெடுத்து வையுங்கள். இரண்டு மணிக்கு நீங்கள் செய்த அழைப்பு கைபேசிப் பட்டியலில் இன்னும் இருக்கும். அதையும் இன்றே.