மஞ்ச லைட்டு திரும்பத் திரும்ப வருதா? காடி கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். வீட்டுக்காரரு காடியில செக் எஞ்சின் லைட்டு விழுந்துச்சு, டவுன் பட்டறையில மெஷின் போட்டு பாத்துட்டு பி0135ன்னு கோட் நம்பர் வருது, எக்ஸாஸ்ட் புகையில ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பாக்கற ஆக்ஸிஜன் சென்சார் போச்சுன்னு புதுசு மாத்தி விட்டாங்க. அந்த வாரமே மறுபடியும் அதே லைட்டு, அதே நம்பர். இப்ப வேற சென்சார் வாங்கணுமாம். வாங்கவா?

பதில்: வாங்காதீங்கம்மா, கொஞ்சம் பொறுங்க. அந்த நம்பர் சென்சார் செத்துப்போச்சுன்னு சொல்லவே இல்ல, முதல் ஆக்ஸிஜன் சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறுன்னுதான் சொல்லுது. சென்சார் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் ஒழுங்கா வேல செய்யும், சீக்கிரம் சூடாகணும்னு உள்ளயே ஒரு ஹீட்டர் வச்சிருக்கான், அதுக்கு கரண்ட் போற ஃபியூஸ், ஒயர், சாக்கெட்டு எது போனாலும் இதே கோட்தான் விழும். பட்டறையில நம்பர பாத்தாங்க, ஒயர பாக்கல போல.

மொதல்ல ஃபியூஸ பாக்க சொல்லுங்க. அப்புறம் சென்சார் சாக்கெட்ட கழட்டி, சென்சார் பக்கம் ஹீட்டர் ஒயர் ரெண்டையும் (நாலு ஒயர் இருந்தா பெரும்பாலும் ஒரே கலர்ல இருக்கற ரெண்டு) மீட்டர்ல அளக்கணும். சில ஓம்ல இருந்து 15 ஓமுக்குள்ள காட்டுனா ஹீட்டர் உசுரோட இருக்கு, ஒண்ணுமே காட்டலன்னா அறுந்துருச்சு, புது சென்சாரா இருந்தாலும் அறுந்தது அறுந்ததுதான், கடையில திருப்பி குடுங்க. ஹீட்டர் நல்லா இருந்தா எஞ்சின ஓட விட்டு காடி பக்கத்து சாக்கெட்ல 12 வோல்ட் வருதான்னு பாக்கணும், வரலன்னா ஒயர புடிச்சிக்கிட்டே பின்னால போக வேண்டியதுதான்.

ராத்திரி காடி செம்பனை ஓரமா நிக்குதா? அப்ப எனக்கு மொத சந்தேகம் எலி மேலதான். தோட்டத்துல ஆந்தைக்கு பெட்டி கட்டி வைக்கறதே எலிக்காகத்தானே, அது காடிக்குள்ள பூந்து ஒயர கடிக்காம விடுமா? அதோட சென்சார் மாத்துனப்ப ஒயர கிளிப்ல மாட்டாம விட்டு அது எக்ஸாஸ்ட் பைப்புல பட்டு உருகியிருக்கான்னும் பாக்க சொல்லுங்க.

கேள்வி: அண்ணே, சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை ஏறுறப்ப அதே மஞ்ச லைட்டு விட்டு விட்டு மின்னுச்சு, எஞ்சின் உதறுச்சு, எறங்குறப்ப சரியாயிருச்சு. நண்பன் ஸ்கேனர்ல பி0302. ஓட்டலாமா?

பதில்: லைட்டு நின்னு எரிஞ்சா மெதுவா பட்டறைக்கு போலாம் தம்பி, மின்னுனா அப்பிடி இல்ல, சிலிண்டர்ல பெட்ரோல் ஒழுங்கா எரியலன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியா, புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும், அது சூட்டுல உருகிப்போனா செலவு தாங்காது. அந்த நேரத்துல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டு ஓரமா நிறுத்துங்க, மேல ஏறித்தான் ஆவேன்னு நிக்காதீங்க.

பி0302ல கடைசி 2, ரெண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் பொறி அடிக்க கரண்ட் குடுக்கற தனி காயில் இருந்தா எஞ்சின் ஆறுனதும் ரெண்டாவது காயில மூணாவதுக்கும் மூணாவத ரெண்டாவதுக்கும் மாத்துங்க, கோட அழிச்சிட்டு ஓட்டி பாருங்க. இப்ப பி0303 வந்தா காயில்தான் குத்தவாளி, ஒண்ணு மட்டும் வாங்குங்க. பி0302 அங்கயே நின்னா இதே மாதிரி பிளக்க மாத்தி பாருங்க. அதுக்கும் அசையலன்னா இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு போகும், அது ஃபோர்மேன் (மெக்கானிக்) வேல.

கேள்வி: பேட்டரி ஒயர கழட்டி மாட்டுனா லைட்டு போயிருமா?

பதில்: பல காடியில லைட்டு போகும், கோளாறு போகாது. கோட் விழுந்த நேரத்துல எஞ்சின் சுத்து எவ்வளவு, தண்ணி சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் எழுதி வச்சிருக்கும், அதையும் சேத்து அழிச்சிருவீங்க, அப்புறம் ஃபோர்மேன் எத பாத்து கண்டுபிடிப்பான்? கழட்டறதுக்கு முன்ன ஸ்கேனர் திரைய கைப்பேசியில படம் புடிச்சி வச்சிக்குங்க.