ஈ1 நீக்கிய அடினோவைரஸ் கடத்தியை 293 செல்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் பெருக்கலாமா?

கூடாது. (கடத்தி என்பது நாம் வைக்கும் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்ல மாற்றியமைத்த வைரஸ்; ஈ1 என்பது அது பெருகத் தேவையான மரபணுப் பகுதி.) நீங்கள் ஆய்வு மாணவராக இருப்பீர்கள், ஃபிரீசரில் கிடக்கும் பழைய குப்பியிலிருந்தே மறுபடியும் பெருக்கிக்கொள்ளும்படி மூத்தவர் ஒருவர் சொல்லியிருப்பார் என்று எண்ணியே எழுதுகிறேன்.

ஈ1 பகுதி தரும் ஈ1ஏ புரதம் வந்தால்தான் வைரஸின் மற்ற மரபணுக்கள் இயங்கத் தொடங்கும். ஈ1 பகுதியை நீக்கிய கடத்திக்கு அந்தப் புரதத்தைத் தருவது 293 செல்தான். 1973இல் நெதர்லாந்தின் லெய்டனில் ஃபிராங்க் கிரஹாம் மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களுக்குள் அடினோவைரஸ் 5இன் டிஎன்ஏவைச் செலுத்தி உருவாக்கிய இந்தச் செல்லின் 19ஆம் குரோமோசோமில், வைரஸின் இடது முனையிலிருந்து ஏறத்தாழ 4,300 கார இணைகள் பதிந்துள்ளன. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஈ1உடன் அதன் இருபுறத் தொடர்களும் சேர்ந்து பதிந்திருப்பதால், கடத்தியில் எஞ்சியுள்ள அதே தொடர்களோடு மறுசேர்க்கை நிகழ்ந்து, நாம் வைத்த மரபணு போய் அந்த இடத்தில் ஈ1 திரும்ப வந்து அமர்ந்துவிடக்கூடும். அப்படியான வைரஸ் 293 செல்லின் உதவியின்றியே பெருகும்.

எனக்கு அது நேர்ந்தது. பச்சை ஒளிர்புரதம் கொண்ட கடத்தியைப் பன்னிரண்டாவது பாசேஜ் (பெருக்கிய வைரஸைப் புதிய செல்களில் இட்டு மறுபடி பெருக்கும் சுற்று) வரை கொண்டுபோயிருந்தேன். அதை ஈ1 இல்லாத ஏ549 நுரையீரல் செல்களில் இட்ட நான்காம் நாள், செல்கள் உருண்டு, திராட்சைக் குலைபோல் ஒட்டிக்கொண்டு தட்டிலிருந்து பெயர்ந்தன. அவற்றில் பல ஒளிரவே இல்லை. என் கைச்சுத்தம் சரியில்லை என்றார்கள். இரண்டு மாதங்கள் ஊடகத்தையும் சீரத்தையும் மாற்றினேன், மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றுக்கான சோதனையும் செய்தேன். சேமித்து வைத்த வைரஸில் பிசிஆர் செய்தபோது ஈ1ஏ தெரிந்தது; 293 செல்லின் டிஎன்ஏ கலந்திருக்கும் என்று அதையும் தள்ளினார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானது என்பதை இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே மேல்நீரை (செல்களின் மேலிருந்த ஊடகத்தை) எடுத்துப் புதிய ஏ549 தட்டுக்கும், அதிலிருந்து மற்றொன்றுக்கும் மாற்றினேன். நச்சாக இருந்தால் நீர்த்துப் போயிருக்கும். மூன்றாம் தட்டும் அழிந்தது, ஈ1ஏவும் முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது. அதன் பிறகும் என் கையைக் குறை சொன்ன சொல்லை எவரும் திரும்பப் பெறவில்லை.

பத்துப் பாசேஜ் தாண்டியும் தங்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். சோதித்துவிட்டுச் சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. மறுசேர்க்கை அரிதாகவே நிகழ்கிறது. ஆனாலும் 3,000 கோடி துகள்களில் ஒன்றுக்கும் குறைவாகவே இப்படி ஈ1 திரும்பப் பெற்ற வைரஸ் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவப் பயன்பாட்டுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பெர்.சி6 செல் வரிசையில் ஈ1 பகுதி மட்டும் பதிக்கப்பட்டிருப்பதால், அதற்கேற்ப அமைத்த கடத்தியோடு பொதுத்தொடர் எதுவும் இராது. அது உங்களுக்குக் கிடைக்காவிட்டால், ஒற்றைப் பிளாக்கிலிருந்து (ஒரே வைரஸ் பெருகிச் செல்களை அழித்த புள்ளியிலிருந்து) தொடங்கி, மூன்றாம் பாசேஜிலேயே சிறுசிறு குப்பிகளாகப் பிரித்து உறையவையுங்கள். பழைய குப்பியில் கொஞ்சம் எடுத்து ஏ549 தட்டில் இட்டு, மேல்நீரைப் புதுத் தட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.